இன்னொரு சேலத்தில் தூக்கிய பாலம்: அமெரிக்க விடுதலைப் போரின் முக்கியச் சண்டைகள்

என் அண்ணன் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வீடு அஸ்தம்பட்டியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான். "அத்தை, 1775-ல சேலத்துல வெள்ளைக்காரப் பட்டாளத்தை ஒரு குண்டு கூடச் சுடாம திருப்பி அனுப்பியிருக்காங்க. நம்ம புத்தகத்துல இது ஏன் இல்ல?"

வாங்கிப் பார்த்தேன். அது நம் சேலம் இல்லை. 1775-ல் நம் சேலம் ஹைதர் அலியின் கையில் இருந்தது. அவன் படித்தது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருக்கிற இன்னொரு சேலத்தின் கதை. பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் பிள்ளை அந்த ஊரில் நுழைந்துவிட்டான், நானும் அங்கிருந்தே ஆரம்பித்தேன். அவனுடைய பாடத்தில் "புரட்சிகளின் காலம்" என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதில் அமெரிக்க விடுதலைப் போரின் சண்டைகள் ஊர்ப்பெயரும் வருஷமுமாக வரிசையாக வரும். மனப்பாடம் பண்ணினால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சேலத்தின் கதை. 1775 பிப்ரவரி 26, ஞாயிறு. அங்கே பீரங்கிகளைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் தளபதிக்குத் தகவல் போனது. அவற்றைப் பறிமுதல் செய்ய கர்னல் லெஸ்லி என்பவர் இருநூற்றுச் சொச்சம் சிப்பாய்களோடு வந்தார். ஊருக்கு வடக்கே ஓர் ஆறு, அதன்மேல் தூக்குப்பாலம். பட்டாளம் பாலத்தை நெருங்குவதற்குள் ஊர்க்காரர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள். இந்தக் கரையில் சிப்பாய்கள், அந்தக் கரையில் ஜனம். சுடுவேன் என்று கர்னல் மிரட்டினார். பாலம் இறங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் போலப் பேச்சு நடந்து, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பாலத்தை இறக்குவார்கள். பட்டாளம் அதைக் கடந்து சில தப்படி நடந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும். கர்னலின் கௌரவமும் காப்பாற்றப்பட்டது, ஊரும் தப்பியது. பீரங்கிகளோ அதற்குள் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

"அப்போ யாரு ஜெயிச்சது?" என்றான்.

எல்லோரும் கேட்கிற கேள்விதான். பரீட்சைக்கு அது போதும், போரைப் புரிந்துகொள்ளப் போதாது. அவனிடம் வேறு ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: சண்டை முடிந்த மறுநாள் காலையில், யாரால் எதைச் செய்ய முடியாமல் போனது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் எட்டு வருஷப் போரும் புரியும். நூறு பேர் செத்த சண்டை ஒன்றையும் மாற்றாமல் போகலாம். யாருமே சாகாத ஒரு பாலத்துச் சண்டை பெரிய விஷயமாக இருக்கலாம். லெஸ்லி திரும்பிப் போனதற்கு மறுநாள், பட்டாளத்தை அனுப்பினால் ஊர் பயந்து ஆயுதத்தைக் கொடுத்துவிடும் என்று பாஸ்டனில் யாராலும் நம்ப முடியவில்லை.

போரின் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடற்கரையில் பிரிட்டனுக்குப் பதின்மூன்று குடியேற்றங்கள். ஜனத்தொகை சுமார் 25 லட்சம். 1763-ல் முடிந்த ஒரு பெரிய போரினால் பிரிட்டனுக்குக் கடன் ஏறிக் கிடந்தது. அந்தச் சுமையில் ஒரு பங்கைக் குடியேற்றங்களின் தலையில் வரியாக வைத்தார்கள். 1765-ல் முத்திரைத்தாள் வரி, பிறகு வேறு வேறு வரிகள், கடைசியில் தேயிலை. எங்கள் சார்பில் உங்கள் பாராளுமன்றத்தில் ஓர் ஆள் கூட இல்லையே, நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தேயிலையின் சொந்தக்காரர் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி. நம் ஊருக்கு வந்த அதே கம்பெனிதான். தேயிலை மட்டும் சீனத்திலிருந்து வந்தது.

லெஸ்லி திரும்பிப் போன இரண்டே மாதத்தில் இரத்தம் சிந்தியது. 1775 ஏப்ரல் 19-ல் பாஸ்டனிலிருந்து சுமார் 700 சிப்பாய்கள் கான்கார்டு என்ற ஊருக்கு நடந்தார்கள். தூரம் ஏறக்குறைய சேலத்திலிருந்து ஏற்காடு போகிற அளவு. இந்த முறையும் நோக்கம் ஆயுதப் பறிமுதல்தான். விடியற்காலையில், வழியில் இருந்த லெக்சிங்டனில் எழுபது எண்பது பேர் கொண்ட ஊர்ப்படை நின்றது. முதல் குண்டை யார் சுட்டார்கள் என்பது இன்றுவரை வழக்கு. ஊர்ப்படையில் எட்டுப் பேர் செத்தார்கள். பட்டாளம் கான்கார்டு வரை போனது, தேடியதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் வினை.

ஏற்காடு மலைப்பாதையில் பஸ்ஸில் போயிருந்தால் அந்தத் திரும்பும் வழியை நீங்கள் கண்முன் கொண்டுவரலாம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மரம், வளைந்துகொண்டே போகிற ஒற்றைப் பாதை. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பத்துப் பேர் துப்பாக்கியோடு ஒளிந்திருந்தால், நடுரோட்டில் வரிசை கலையாமல் சிவப்புச் சட்டையில் நடக்கிறவன் கதி என்ன? கான்கார்டு சாலை மலைப்பாதை இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கல் வேலிகளும் மரங்களும் இருந்தன. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பாஸ்டன் போய்ச் சேர்வதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 73 பேர், காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 273. மறுநாள் காலை அந்தப் பட்டாளத்தால் பாஸ்டனை விட்டு வெளியே வர முடியவில்லை. ஊரைச் சுற்றி விவசாயிகள் முற்றுகை போட்டிருந்தார்கள்.

ஜூன் 17-ல் பங்கர் குன்றுச் சண்டை. பெயர் பங்கர் குன்று என்றாலும் பெரும்பாலும் சண்டை நடந்தது பக்கத்தில் இருந்த பிரீட்ஸ் குன்றில். மேலே மண்மேடு கட்டிக்கொண்டு ஊர்ப்படை இருந்தது. பட்டாளம் மூன்று முறை ஏறியது. மூன்றாவது முறை மேலே இருந்தவர்களிடம் வெடிமருந்து தீர்ந்துபோனது, குன்று பிரிட்டிஷார் வசமானது. புத்தகத்தில் இது பிரிட்டிஷ் வெற்றி. ஆனால் அந்த வெற்றிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். இன்னொரு குன்றுக்கு இதே விலை கொடுக்க அவர்களிடம் ஆள் இல்லை. ஆள் வேண்டுமென்றால் கப்பலில், கடல் தாண்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வரவழைக்க வேண்டும். இந்தக் கடல் தூரத்தை மறக்காதீர்கள். போர் முழுக்க வேலை செய்தது இதுதான்.

1776 ஜூலை 4 விடுதலைப் பிரகடனம் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷத்தின் மீதிப் பாதி எவ்வளவு மோசமாகப் போனது என்பது பலருக்குத் தெரியாது. ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் லாங் ஐலேண்டில் அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் பெரிய தோல்வி அடைந்தார். முதுகுக்குப் பின்னால் ஆறு, எதிரே பிரிட்டிஷ் படை. ஒரே இரவில், விடியற்காலைப் பனிமூட்டத்தின் மறைவில், சுமார் 9,000 பேரைப் படகுகளில் அக்கரை சேர்த்தார். நான் வகுப்பில் வெற்றிகளை விட இந்த இரவைத்தான் அதிக நேரம் நடத்துவேன். படை உயிரோடு தப்பியது. மறுநாள் காலை பிரிட்டிஷாரால் போரை முடிக்க முடியவில்லை.

டிசம்பருக்குள் வாஷிங்டனின் படை கரைந்துகொண்டிருந்தது. பலருடைய ஒப்பந்தம் டிசம்பர் 31-ல் முடிகிறது. அன்றைக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கிறிஸ்துமஸ் இரவில் 2,400 பேரோடு, பனிக்கட்டி மிதக்கிற டெலாவேர் ஆற்றைக் கடந்து, டிசம்பர் 26 காலை டிரெண்டனில் பாய்ந்தார். அங்கே இருந்தவர்கள் ஜெர்மன் நாட்டுக் கூலிப்படையினர். சுமார் 900 பேர் சிறைப்பட்டார்கள். ஆள் கணக்கில் இது சின்னச் சண்டை. ஆனால் இது நடக்காமல் இருந்தால் ஜனவரியில் படையே இருந்திருக்காது.

இனி சரடோகா. ஒரே ஒரு சண்டையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நம் மண்ணைத் தொடுகிற சண்டையும் இதுதான்.

1777-ல் பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோய்ன் கனடாவிலிருந்து தெற்கே இறங்கினார். நியூயார்க்கிலிருந்து இன்னொரு படை மேலே வந்து சேர்ந்தால் குடியேற்றங்களை இரண்டு துண்டாக வெட்டிவிடலாம் என்பது கணக்கு. ஆனால் நியூயார்க்கில் இருந்த ஜெனரல் ஹவ் அந்தப் பக்கம் வராமல் பிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். பர்கோய்னுக்குக் காடும் சேறும்தான் துணை. அமெரிக்கர்கள் மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தார்கள். சாமான் வண்டிகள் நகரவில்லை, சோறு குறைந்தது. செப்டம்பர் 19-லும் அக்டோபர் 7-லும் இரண்டு சண்டைகள். அக்டோபர் 17-ல் ஏறக்குறைய 6,000 பேரோடு பர்கோய்ன் சரணடைந்தார். இரண்டாவது சண்டையில் முன்னால் பாய்ந்து காலில் குண்டடி பட்டவர் பெனடிக்ட் ஆர்னால்டு. அதே ஆர்னால்டு 1780-ல் பிரிட்டிஷார் பக்கம் போய்விட்டார், அமெரிக்காவில் அவர் பெயர் துரோகிக்கு மறுபெயராகவே இருக்கிறது.

மறுநாள் காலைக் கேள்விக்கு இங்கே பதில் இரண்டு கண்டங்களில் கிடைக்கிறது. அதுவரை பிரான்ஸ் மறைமுகமாகத் துப்பாக்கியும் வெடிமருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு முழுப் படையே சரணடைந்ததைப் பார்த்தபின், 1778 பிப்ரவரி 6-ல் வெளிப்படையாகவே கூட்டணி ஒப்பந்தம் போட்டது. அந்த நிமிஷம் முதல் அது அமெரிக்காவின் போர் மட்டும் இல்லை. பிரான்சும் பிரிட்டனும் எங்கெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்களோ அங்கெல்லாம் நெருப்புப் பிடித்தது. 1778-லேயே கம்பெனிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தது. 1779-ல் மாஹேயைப் பிடித்தது. மாஹே துறைமுகம் வழியாகத்தான் ஹைதருக்கு பிரெஞ்சுக்காரர்களின் ஆயுதம் வந்துகொண்டிருந்தது. அதில் கை வைக்காதே என்று அவர் எச்சரித்திருந்தார். 1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை நாசமானது. தப்பியவர்களில் பெய்லி உட்படப் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போனார்கள்.

சரடோகா பக்கத்து ஹட்சன் நதிக்கரைக் காட்டில் வண்டி நகராமல் நின்றதற்கும் காஞ்சிபுரத்து வயல்வெளியில் கம்பெனிப் படை அழிந்ததற்கும் இடையே இப்படி ஒரு கயிறு ஓடுகிறது. பிள்ளைகளுக்கு அமெரிக்காவை ஒரு பாடமாகவும் மைசூர்ப் போர்களை வேறொரு பாடமாகவும் தனித்தனியே நடத்துகிறோம். என் மனசில் இது நீண்ட நாள் குறை. அமெரிக்கர்களுக்கு அன்றைக்கே இந்தக் கயிறு தெரிந்திருந்தது. பென்சில்வேனியாவின் ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலியின் பெயரையே வைத்தார்கள். 1782 ஏப்ரலில் அந்தக் கப்பல் தன்னைவிட அதிகப் பீரங்கி கொண்ட ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்துக்கொண்டு போனது.

சரடோகாவுக்குப் பின் வந்த குளிர்காலத்தை வாஷிங்டன் படை வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் கழித்தது. அங்கே சண்டையே நடக்கவில்லை. சுமார் 2,000 பேர் நோயில் செத்தார்கள். ஸ்டூபன் என்ற பிரஷ்ய (ஜெர்மன்) ராணுவ அதிகாரி வந்து மீதிப் பேருக்கு அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தார். ஊர்ப்படை பட்டாளமானது அந்தக் கூடாரங்களில்தான்.

பிறகு பிரிட்டன் தெற்குப் பக்கம் திரும்பியது. 1780 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுகம் விழுந்தது, ஐயாயிரம் பேர் வரை சிறைப்பட்டார்கள். ஆகஸ்டில் கேம்டனில் இன்னொரு தோல்வி. அக்டோபர் 7-ல் கிங்ஸ் மவுண்டனில் காற்று மாறியது. அந்தச் சண்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குன்றின் மேல் ராஜா பக்கம் நின்றவர்களும் குடியேற்றத்து ஆட்களே, கீழேயிருந்து ஏறியவர்களும் அப்படியே. பிரிட்டனிலிருந்து வந்தவர் தளபதி ஃபெர்குசன் ஒருவர்தான் என்பார்கள். விடுதலைப் போர் என்றால் ஒரு நாடே ஒரு பக்கம் நின்றது என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே பங்காளிகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களில் பலர், எங்களோடு வந்தால் விடுதலை என்று பிரிட்டிஷார் சொன்னதை நம்பி அந்தப் பக்கம் ஓடினார்கள். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாடம் பாதிதான்.

தெற்கில் பிரிட்டிஷ் தளபதி லார்டு கார்ன்வாலிஸ். எதிரே நத்தானியேல் கிரீன். இந்த கிரீன் பெரிய சண்டை ஒன்றில்கூட நேராக ஜெயித்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் எதிரியை உள்நாட்டுக்குள் இழுத்துக்கொண்டே போனார். துரத்துகிற அவசரத்தில் கார்ன்வாலிஸ் தன் சாமான் வண்டிகளையே கொளுத்திவிட்டுப் பின்னால் ஓடினார். 1781 மார்ச் 15-ல் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் மோதினார்கள். களம் கார்ன்வாலிஸுக்கு. ஆனால் அவருடைய 1,900 பேரில் ஐந்நூறுக்கும் மேல் விழுந்துவிட்டார்கள். ஜெயித்த மறுநாள் காலை அவரால் கிரீனைத் துரத்த முடியவில்லை, படைக்குச் சோறு போடவும் முடியவில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு கடற்கரையைப் பார்த்து நடந்தார்.

கடற்கரைக்கு வந்தால் கப்பல் வரும், சோறு வரும், ஆள் வரும் என்பது அவர் நினைப்பு. விர்ஜீனியாவில் யார்க்டவுன் என்ற சின்னத் துறைமுகத்தில் மண்ணரண் கட்டி உட்கார்ந்தார். முதுகுப்பக்கம் தண்ணீர். கடல் பிரிட்டன் கையில் இருக்கிறவரை அது பாதுகாப்பு. 1781 செப்டம்பர் 5-ல் செசபீக் விரிகுடாவின் வாயில் டி கிராஸ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. அந்தச் சண்டையில் ஓர் அமெரிக்கக் கப்பல் கூட இல்லை. பிரிட்டிஷ் கப்பல்கள் பின்வாங்கின. அமெரிக்காவின் விடுதலையை உறுதி செய்த சண்டை எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன். அன்று மாலையே கார்ன்வாலிஸின் கதவு மூடிவிட்டது, அவருக்குத்தான் அது தெரியவில்லை.

வாஷிங்டனும் பிரெஞ்சு ஜெனரல் ரோஷாம்போவும் வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்து சேர்ந்தார்கள். முற்றுகை எப்படி நடக்கும் என்று அண்ணன் மகனுக்குக் காட்டச் சங்ககிரிக்குக் கூட்டிப்போனேன். மலைக்கோட்டையின் ஒவ்வொரு வாசலாக ஏறி நின்று, கீழே சமவெளியைப் பார்த்துச் சொன்னேன். இங்கே நேராக ஏறி வருகிறவன் சாவான். அதனால் எதிரி தூரத்தில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் தோண்டுவான், அதற்குள் பீரங்கியை இறக்குவான். இரவில் இன்னும் கிட்டே ஒரு பள்ளம். நாளுக்கு நாள் குண்டு கிட்டே வரும், உள்ளே தண்ணீரும் தானியமும் குறையும். யார்க்டவுனில் அக்டோபர் 9-ல் பீரங்கி முழங்க ஆரம்பித்தது. 14-ம் தேதி இரவு வெளிக்கொத்தளங்கள் இரண்டும் விழுந்தன. அக்டோபர் 19-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு கார்ன்வாலிஸ் சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தன் வாளைக் கொடுக்கத் துணைத்தளபதியை அனுப்பினார்.

பெரும்பாலான புத்தகங்கள் யார்க்டவுனோடு மூடிவிடும். சமாதான ஒப்பந்தம் பாரீசில் கையெழுத்தானது 1783 செப்டம்பர் 3-ல்தான். இடையில் இரண்டு வருஷம் கடலிலும் மற்ற நாடுகளிலும் சண்டை நடந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று நம் கடற்கரையோரமும் இலங்கைப் பக்கமும் பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதிக்கொண்டே இருந்தார். 1783 ஜூன் 20-ல் கடலூர்க் கடலில் அவருடைய கடைசிச் சண்டை. கரையில் கடலூர்க் கோட்டையைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டிருந்தது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே போர் நிறுத்தத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி கப்பலேறிக் கடலூர் வந்து சேர ஜூன் கடைசி ஆனது. மாசசூசெட்ஸில் தொடங்கிய போரின் கடைசிப் பெரிய மோதல் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது கடலூரைத்தான். செய்தி ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் அங்கே செத்தவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

"அந்த கார்ன்வாலிஸ் என்ன ஆனான், தூக்குல போட்டாங்களா?" என்று கோட்டைப் படியில் இறங்கும்போது கேட்டான். இல்லை. 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த மைசூர்ப் போரில் திப்பு சுல்தானுக்கு எதிராகத் தானே படை நடத்தினார். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு சண்டையில் ஜெயித்தார். மறுநாள் காலை? வண்டி மாடுகள் செத்துக் கிடந்தன, படைக்குத் தானியம் இல்லை. பெரிய பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். கில்ஃபோர்டில் நடந்ததே திரும்ப நடந்தது. ஆனால் இந்த முறை மனுஷன் பாடம் கற்றுக்கொண்டார். அடுத்த சில மாதங்களை வழியிலிருந்த கோட்டைகளைப் பிடிக்கவும் லம்பாடி வணிகர்களின் மாட்டுக்கூட்டங்களைக் கொண்டு தானியம் சேர்க்கவும் செலவழித்தார். 1791 நவம்பரில் அவருடைய படையின் ஒரு பிரிவு கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏறப் பார்த்து முடியாமல் திரும்பியது. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருக்கினார். மார்ச் 18 ஒப்பந்தத்தில் திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தன் மகன்களில் இருவரையும் பிணையாக அனுப்பினார்.

அந்தப் பாதி நாட்டில் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் இருந்தன. ஏற முடியாமல் போன கிருஷ்ணகிரிக் கோட்டையும் காகிதத்தில் கைமாறியது. கேப்டன் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ வந்து நிலத்தை அளந்தார். சங்ககிரி கம்பெனிக் கோட்டையானது.

நாங்கள் போன அன்று கீழே தீரன் சின்னமலை நினைவிடத்தில் யாரோ போட்ட மாலை வாடிக் கிடந்தது. இந்த மலையில்தான் அவரைத் தூக்கிலிட்டார்கள், 1805 ஜூலை 31 என்று தேதி சொல்வார்கள். இரண்டாவது தடவையாகக் கவர்னர் ஜெனரல் பொறுப்பை ஏற்க கார்ன்வாலிஸ் மறுபடி இந்தியா வந்திருந்தார். அவர் பதவியேற்றது ஜூலை 30. அக்டோபர் 5-ல் காசிப்பூரில் இறந்தார், கல்லறை அங்கேயே இருக்கிறது. இரண்டு தேதிகளையும் அண்ணன் மகன் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.